கையில் கெட்டி, மீட்டரில் தண்ணி: திரும்பி வந்த ஒரு ஸ்டார்ச் ஜெல் பேட்ச் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்னத் தயாரிப்புக் கூடத்தில் நடந்தது. ஆட்கள் பெயரும் நிறுவனப் பெயரும் எழுதவில்லை. நான் அங்கே தரக்கட்டுப்பாட்டைப் பார்ப்பவன். எங்கள் சரக்குகளில் ஒன்று முகப்பூச்சுக்கான அடிப்படை ஜெல். 100 கிலோவுக்கு 6 கிலோ ஸ்டார்ச், கொஞ்சம் கிளிசரின், பதப்பொருள், மீதி தண்ணீர். ஸ்டார்ச்சில் முக்கால் பங்கு மரவள்ளி, கால் பங்கு மக்காச்சோளம். நீராவிக் கலத்தில் 85 டிகிரி வரை ஏற்றி, இருபது நிமிடம் வைத்து, 60க்கு இறக்கி ஊற்றுவோம். வீட்டில் வடாம் கூழ் கிண்டுகிற அதே வேலைதான், அளவு மட்டும் பெரிசு.

வாங்குபவர் பெருங்குடியில் இருக்கும் ஒரு நிறுவனம். அவர்கள் கொடுத்த விவரத்தாளில் பாகுநிலைக்கு, அதாவது சரக்கு வழிய எவ்வளவு மறுக்கிறது என்பதற்கு, ஒரே வரி: 35,000 முதல் 45,000 சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் அலகு), ப்ரூக்ஃபீல்ட் ஆர்வி வகைக் கருவி, 6ஆம் எண் ஸ்பிண்டில் (சரக்குக்குள் சுழலும், தட்டு வைத்த கம்பி), 10 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 25 டிகிரி. பார்த்ததும் எல்லாமே இருக்கிறது போலத்தான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

கருவி பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிண்டில் சரக்குக்குள் சுழலும்போது சரக்கு அதைப் பிடித்து இழுக்கும், ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும், எவ்வளவு முறுக்கியது என்பதுதான் திரையில் டார்க் (முறுக்குவிசை) சதவீதமாக வரும். கருவி நேரடியாக அளப்பது இது ஒன்றைத்தான். சென்டிபாய்ஸ் என்பது அந்தச் சதவீதத்தை ஸ்பிண்டிலுக்கும் வேகத்துக்கும் உரிய ஒரு எண்ணால் பெருக்கிச் சொல்வது. ஆர்வி கருவியில் 6ஆம் ஸ்பிண்டில் 10 ஆர்பிஎம்மில் முழு அளவு 1,00,000 சென்டிபாய்ஸ், அதனால் டார்க் 39.2 என்றால் 39,200. பிழை முழு அளவில் ஒரு சதவீதம், அதாவது கூடக்குறைய 1,000. டார்க் 10க்குக் கீழே போனால் அந்த எண்ணை நம்பாதே என்பார்கள், காரணம் இதுதான்: பத்தில் ஒன்று தவறினால் அளவிலேயே பத்து சதவீதம் போச்சு.

முதல் புகார்

மே முதல் வாரம், கத்திரி தொடங்கிய சமயம். திங்கட்கிழமை 180 கிலோ பேட்ச் ஒன்று போட்டோம். எங்கள் வழக்கப்படி கலத்திலிருந்து சூடாக இருக்கும்போதே 600 மில்லி பீக்கரில் ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஏசி அறையில் வைத்துவிட்டு, மறுநாள் காலை அளந்தோம். ஒரு நிமிடத்தில் 39,200. நடு அளவு, கவலையே இல்லை. புதன்கிழமை குட்டியானையில் ஏற்றி அனுப்பினோம், கூடவே 500 கிராம் மாதிரி ஜாடி ஒன்று.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. "சார், உங்க சர்ட்டிபிகேட்ல 39,200 இருக்கு, எங்களுக்கு 23,500தான் வருது. மூணு தடவை பார்த்துட்டோம்."

15,700 வித்தியாசம். கருவிப் பிழை 1,000தான் என்று மேலே சொன்னேன், அதனால் இரண்டில் ஒரு கருவி கெட்டிருக்க வேண்டும், அல்லது சரக்கு வழியில் நீர்த்துப் போயிருக்க வேண்டும். அப்போது எனக்கு வந்த யோசனை இந்த இரண்டுதான்.

அவசரத்தில் எடுத்த முடிவு

திங்கள் காலை முதலாளி அறையில் பேசினோம். உற்பத்தியைப் பார்க்கும் அண்ணன் இருபது வருட அனுபவம் உள்ளவர். "வெயில்ல போயிருக்கு, இளகியிருக்கும், ஸ்டார்ச்ச கொஞ்சம் ஏத்திடலாம் தம்பி" என்றார். மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. வாங்குபவர் அடுத்த வாரம் நிரப்பும் வேலைக்குத் தேதி குறித்துவிட்டார், முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 6 சதவீதத்தை 6.8 ஆக்குவது என்று முடிவு. அளவை முறையைச் சந்தேகிக்காமல் சரக்கை மாற்றிய அந்த முடிவில் நானும் தலையாட்டினேன், அதை மறைக்க விரும்பவில்லை.

எங்களிடம் இரண்டாவது பேட்ச் 52,000 காட்டியது. வரம்பைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அவர்களிடம் போகும்போது குறையும் என்ற கணக்கில் அனுப்பினோம். நாலு நாள் கழித்து அவர்கள் அளந்தது 21,000.

ஸ்டார்ச்சைக் கூட்டினால் பாகுநிலை குறைகிறது! அந்தத் தாளை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் தெரிந்தது

எங்களிடம் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஆய்வகப் பெண் ஒருவர்தான் விஷயத்தைத் திருப்பினார். அனுப்பிய பேட்சின் மாதிரி ஜாடி ஒன்றை எங்களிடமும் வைத்திருந்தோம். அதைத் திறந்து கரண்டியால் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது முதல் நாள விட கெட்டியா இருக்கு. மீட்டர் மட்டும் ஏன் தண்ணின்னு சொல்லுது?" என்றார்.

நானும் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். முதல் நாள் கரண்டியிலிருந்து மெதுவாக வழிந்த ஜெல், இப்போது வெட்டிய அல்வாத் துண்டு மாதிரி விளிம்பு மடங்காமல் நின்றது. ஜாடி ஓரத்தில் ஒரு ஸ்பூன் அளவு தெளிந்த தண்ணீர். ஸ்டார்ச் ஜெல் பழசாகும்போது இப்படித்தான் ஆகும். வேகும்போது விரிந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆறியபின் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து இறுகும், இறுகும்போது பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே விடும். இந்தச் சங்கிலிகளில் நேரான வகையான அமைலோஸ் சில மணி நேரத்திலேயே சேரத் தொடங்கிவிடும், கிளைத்த அமைலோபெக்டின் நாள்கணக்கில் சேரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இறுகிய சரக்கு ஏன் குறைந்த எண் தருகிறது என்று அதோடு இதை முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

சரி, இனி ஸ்டார்ச்சைத் தொடுவதில்லை, முதலில் அளவையைப் பார்ப்போம் என்று முதலாளியிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். அவர் முகம் சரியில்லை, ஆனால் கொடுத்தார்.

கருவிகள் இரண்டும் சரி

முதலில் சிலிகோன் தர எண்ணெய், அதாவது கருவியைச் சரிபார்க்க, பாகுநிலையை முன்பே அளந்து எழுதிய எண்ணெய். எங்களிடம் இருந்த புட்டியில் 25 டிகிரியில் 4,920 சென்டிபாய்ஸ் என்று போட்டிருந்தது. 4ஆம் ஸ்பிண்டில், 10 ஆர்பிஎம், முழு அளவு 20,000. அனுமதி என்பது முழு அளவில் ஒரு சதவீதமான 200, எண்ணெயின் அளவில் ஒரு சதவீதமான 49, இரண்டும் சேர்த்துக் கூடக்குறைய 249. எங்களுக்கு 4,980 வந்தது. தேர்வு.

அதே புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பெருங்குடிக்குப் போனேன். அவர்கள் கருவியில் 4,860. அதுவும் தேர்வு. உண்மையில் இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எண்ணெய் நேர்மையான திரவம். எந்த வேகத்தில் சுற்றினாலும், எவ்வளவு நேரம் சுற்றினாலும், நேற்றுத் திறந்தாலும் இன்று திறந்தாலும் ஒரே எண். அதனால் கருவி சரியா என்று அது சொல்லும், ஜெல்லை அளக்கும் முறை சரியா என்று சொல்லாது.

அவர்களின் ஆய்வக மேடத்திடம், "நீங்க வழக்கமா எப்படிப் பண்றீங்களோ அப்படியே பண்ணுங்க, நான் சும்மா பார்க்கிறேன்" என்றேன். வரும் மாதிரிகள் எல்லாமே அங்கே ஃப்ரிட்ஜில்தான் போகும், வெயில் காலத்தில் கெட்டுப்போகக் கூடாது என்று. ஜாடியை எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தார். ஸ்பேட்டுலாவால் 250 மில்லி பீக்கரில் அள்ளிப் போட்டார், இரண்டு தட்டு தட்டினார், ஸ்பிண்டிலை நேராக இறக்கினார், ஓட விட்டார். எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அது நிற்கும் வரை காத்திருந்து, ஐந்து நிமிடம் கழித்துக் குறித்துக்கொண்டார். அவர் செய்ததில் ஒன்றுகூட விவரத்தாளுக்கு விரோதம் இல்லை. நாங்கள் செய்ததும் அப்படித்தான்.

முதலில் சின்னப் பீக்கரைத்தான் சந்தேகித்தேன். ஆனால் 6ஆம் ஸ்பிண்டிலின் தட்டு ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்தான், சுவர் தள்ளித்தான் இருக்கிறது, போதாக்குறைக்குச் சுவர் நெருங்கினால் எண் கூடத்தான் செய்யும், குறையாது. எனவே அது இல்லை.

சொட்டு நீலம்

திரும்பி வந்து 6 சதவீதத்தில் ஒரு சின்னப் பேட்ச் போட்டு, பல பீக்கர்களில் ஊற்றினோம். ஒரு நாள் ஆன பீக்கரில் ஸ்பிண்டிலை நிறுத்தாமல் ஓட விட்டு நேரத்தோடு குறித்தோம்: 15 நொடியில் 44,000, அரை நிமிடத்தில் 41,500, ஒரு நிமிடத்தில் 39,000, இரண்டில் 34,800, ஐந்தில் 28,600, பத்தில் 25,900. எல்லாம் ஒரே பீக்கர், ஒரே ஸ்பிண்டில், ஒரே வேகம். பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் 31,000தான் வந்தது, பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதாவது நாங்கள் அளக்கும்போதே ஜெல்லை உடைத்துக்கொண்டிருந்தோம். "மூணு தடவை பார்த்துட்டோம்" என்று அவர்கள் சொன்னது ஒரே பீக்கரில் என்றால், மூன்றாவது அளவை முதல் இரண்டின் மிச்சம்.

வேகத்தை மாற்றியும் பார்த்தோம், ஒவ்வொன்றுக்கும் தொடாத பீக்கர். 5 ஆர்பிஎம்மில் 66,000, பத்தில் 39,000, இருபதில் 23,000. சென்டிபாய்ஸை விட்டு டார்க்கைப் பார்த்தால்தான் சுவாரசியம்: 33, 39, 46. வேகம் ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்காகிறது, இழுவை ஆறேழு புள்ளிதான் ஏறுகிறது. வழிகிற திரவத்தில் அப்படி நடக்காது. இது பெரும்பாலும் ஒரு திடப்பொருள், ஒரு அளவு தள்ளினால்தான் நகரும், நகர்ந்தபின் வேகத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாது.

அப்புறம் நாலு நாள் ஆன மாதிரிகள். ஏசி அறையில் அசையாமல் இருந்தது ஒரு நிமிடத்தில் 36,000, ஐந்து நிமிடத்தில் 24,800. ஃப்ரிட்ஜில் இருந்து, அள்ளிப் போட்டது ஒரு நிமிடத்தில் 29,000, ஐந்து நிமிடத்தில் 22,600. பெருங்குடியில் வந்த 23,500 எங்கள் மேஜையிலேயே வந்துவிட்டது. 6.8 சதவீத ஜெல்லை இதே வழியில் கொண்டுபோனால் 20,400.

எண் பொருந்தினால் போதுமா, ஏன் என்று தெரிய வேண்டாமா? அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னார். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் பாத்ரூம் அலமாரியில் இருந்தது, எடுத்து வந்தார். நாலு நாள் ஆன ஜெல்லில் அளவை முடிந்ததும் ஸ்பிண்டிலை மெதுவாக மேலே இழுத்தோம். அது போன பாதை மூடிக்கொள்ளவில்லை, பேனா குத்திய மாதிரி ஓட்டை அப்படியே நின்றது. அதில் நாலு சொட்டு நீலம் விட்டுவிட்டு, பீக்கரிலிருந்து ஜெல்லைக் கத்தியால் நெம்பி எடுத்து, தட்டில் வைத்துக் குறுக்கே அறுத்தோம். வெள்ளைச் சரக்குக்கு நடுவில் நீல நிறத்தில் ஒரு சின்ன வட்ட அறை, ஸ்பிண்டில் தட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நீலத்தின் சுவடே இல்லை.

ஸ்பிண்டில் ஜெல்லைக் கலக்கவே இல்லை. தனக்கு ஒரு பொந்து தோண்டிக்கொண்டு, கசிந்த தண்ணீரைச் சுற்றிலும் பூசிக்கொண்டு, அந்தத் தண்ணீருக்குள் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கருவி அளந்தது அந்தப் பொந்தை. ஜெல் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு சுத்தமாகப் பொந்து வெட்டப்படுகிறது, அவ்வளவு தண்ணீர் கசிகிறது, எண் அவ்வளவு குறைகிறது. 6.8 சதவீதம் ஏன் 6ஐ விடக் குறைந்தது என்பதற்கும் இதுதான் பதில். உற்பத்தி அண்ணன் அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எதுவும் பேசவில்லை, மாலையில் போகும்போது "ஃப்ரிட்ஜ்ல வச்ச சோறு மாதிரி வெறச்சுப் போயிருக்கு" என்றார்.

அவர் சும்மா சொன்னாலும் அது சரியான ஒப்புமை. மாவுச்சத்து மறுபடி இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலே, ஃப்ரிட்ஜ் குளிரில்தான் மிக வேகம். கெடாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த கவனமே ஜெல்லை வேகமாகக் கிழடாக்கியிருக்கிறது.

என்ன முடிவு செய்தோம், ஏன்

சரியான வழி, கொள்கையளவில், வேறு ஸ்பிண்டில். டி வடிவக் கம்பியும், கருவியை நிமிடத்துக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் போல மெதுவாகக் கீழே இறக்கும் தாங்கியும் உண்டு. சுற்றிக்கொண்டே இறங்குவதால் ஒவ்வொரு சுற்றிலும் தொடாத ஜெல்லை வெட்டும், பொந்துக்குள் சிக்காது. தெரிந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அதைக் கேட்டு ஒரு மதியம் அளந்து பார்த்தோம். நாலு நாள் ஆன ஜெல் முதல் நாளை விட நன்றாகவே அதிகம் காட்டியது, கை சொன்னபடியே. ஆனால் இரண்டு நிறுவனமும் அதை வாங்க வேண்டும், இரண்டு இடத்திலும் பழக வேண்டும். முதலாளி விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

அதனால் கையில் இருப்பதை வைத்து, இரு தரப்பும் ஒரே மாதிரி உடைத்துவிட்டு அளப்பது என்று பேசி முடித்தோம். நிரப்பும் இயந்திரத்தின் பம்ப் எப்படியும் ஜெல்லை உடைக்கத்தான் போகிறது, எனவே உடைத்த ஜெல்லின் எண்தான் அவர்கள் வேலைக்கும் பொருத்தம் என்று மேடமும் ஒத்துக்கொண்டார். முறை இப்படி: மாதிரி ஃப்ரிட்ஜில் போகக் கூடாது, தயாரித்து 48 மணி நேரத்தில் இரு இடத்திலும் அளக்க வேண்டும். 600 மில்லி பீக்கர், 25 டிகிரி நீர்த்தொட்டியில் இரண்டு மணி நேரம், நடுவில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை, ஏனென்றால் ஜெல்லின் ஓரம் 25க்கு வந்த பிறகும் நடுப்பகுதி வெகுநேரம் பின்தங்கியே இருக்கும். கலக்கும் கருவியை 100 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் ஓட்ட வேண்டும், காற்று சேராமல். பதினைந்து நிமிடம் ஓய்வு. ஸ்பிண்டிலைச் சாய்வாக நுழைத்து, தட்டுக்கு அடியில் குமிழி சிக்காமல் நிமிர்த்தி, கோடு வரை மூழ்கடித்து, ஓட விட்டுச் சரியாக ஒரு நிமிடத்தில் குறிக்க வேண்டும், டார்க் சதவீதத்தோடு. ஒரு பீக்கருக்கு ஒரு அளவைதான், மறுபடி பார்க்க வேண்டுமானால் வேறு பீக்கர்.

உடைத்து அளப்பதால் எண் குறையும். வரம்பை 24,000 முதல் 32,000 என்று மாற்ற வேண்டி வந்தது. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. அவர்கள் கொள்முதல் பிரிவில், "அதே சரக்கு, கம்மி நம்பர், அதே விலையா?" என்று கேட்டார்கள். நீலம் போட்டு அறுத்த துண்டின் போட்டோவை அனுப்பினேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

பின்பு நடந்தது

ஸ்டார்ச்சை 6க்கே திருப்பினோம். அடுத்த ஆறு பேட்ச்களில் ஐந்தில் இரு ஆய்வக எண்களுக்கும் இடையே வித்தியாசம் எட்டு சதவீதத்துக்குள் இருந்தது, முதலில் அது நாற்பது. நாலாவது பேட்ச் மட்டும் பதினைந்து சதவீதம் விலகியது. மேடம் போன் செய்தபோது இந்தத் தடவை நான் முதலில் கேட்டது டார்க் எவ்வளவு, எப்படி நுழைத்தீர்கள் என்று. அன்றைக்கு அங்கே புதிதாக வந்த பையன் நேராக இறக்கியிருக்கிறான், ஸ்பிண்டிலை எடுத்தபோது தட்டுக்கு அடியில் காற்று பிடித்திருந்த பள்ளம் தெரிந்தது. வேறு பீக்கரில் சாய்த்து நுழைத்து அளந்தார்கள், பொருந்தியது.

நஷ்டம் நஷ்டம்தான். முதல் பேட்ச் பற்றிய பிரச்சினை முடிவதற்குள் பத்து நாள் ஆகித் தண்ணீர் விட்டுவிட்டது. 6.8 சதவீத பேட்ச் அவர்கள் நிரப்பும் குழாயில் கட்டிகட்டியாக வந்து நின்றது. இரண்டுமாக 360 கிலோ, எங்கள் கணக்கில் எழுதப்பட்டது.

மறுபடி நேர்ந்தால்

முதல் போன் வந்த அன்றே ஸ்டார்ச்சைத் தொட்டிருக்க மாட்டேன். எத்தனை நிமிடத்தில் எடுத்தீர்கள், மாதிரி எங்கே இருந்தது, தொடாத பீக்கரா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் இரண்டாவது பேட்ச் தப்பியிருக்கும். புதிய வாங்குபவர் யார் வந்தாலும் விவரத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்கள் ஆய்வகத்தில் ஒரு அளவையை நேரில் பார்க்கிறேன் இப்போது. எங்கள் வழக்கத்திலும் ஓட்டை இருந்தது: சூடாக ஊற்றிய பீக்கரிலேயே இறுக விட்டு அளப்பது நமக்கு அழகான எண்ணைத் தரும், ஆனால் அந்த நிலையில் ஜெல் வேறு யார் கைக்கும் போவதில்லை.

ஜெல் பழசாவது இன்னும் தீரவில்லை. மக்காச்சோளத்தில் அமைலோஸ் அதிகம், மரவள்ளியில் குறைவு, எனவே மக்காச்சோளப் பங்கைக் குறைத்துச் சில சோதனைப் பேட்ச்கள் போட்டோம். தண்ணீர் கசிவது குறைகிறது, ஆனால் ஜெல் கொழகொழவென்று இழுக்கிறது, முகப்பூச்சுக்கு அது பிடிக்கவில்லை. வேதிமாற்றம் செய்த மரவள்ளி ஸ்டார்ச் போட்டால் இரண்டும் சரியாகும் என்று சொன்னேன், லேபிளில் இயற்கை என்று போட முடியாது என்று வாங்குபவர் மறுத்துவிட்டார். இப்போதைக்கு மாதிரி ஜாடி மூடியில் சிவப்பு எழுத்தில் "ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்" என்று ஒட்டி அனுப்புகிறோம். போன வாரம் நான் போனபோது ஒரு ஜாடி ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில், அந்தச் சிவப்பு எழுத்தோடு, யாருடைய மோர்ப் பாட்டிலுக்கோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.